மத்தவிலாசப் பிரகசனம்: குணமும் குற்றமும்

சிறிய கதையொன்றினுள் பெரிய தத்துவ விசாரணையை அடக்குதல் எளிதன்று. விசாரணை மிகுந்தால் கதைமாந்தர் பொம்மையாவர். கதை மிகுந்தால் விசாரணை இலையோரத்து ஊறுகாயாகும். தத்துவ நாவல் என்னும் பெயரோடு இக்காலத்து வெளிவரும் நூல்களை எவ்வளவைகொண்டு நிறுப்பது என்று அன்பர் பலர் வினவுகின்றனர். நாவல் என்னும் இலக்கியவகை தமிழில் தோன்றியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். அதற்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரே, ஓரிருப்பிற் படித்து முடிக்கத்தக்க சிறு தத்துவக் கதையொன்று தொண்டைநாட்டிலே பிறந்தது. மொழி வடமொழியும் பிராகிருதமும். வடிவம் ஓரங்க நாடகம். பெயர் மத்தவிலாசப் பிரகசனம். நாவலை நிறுக்க விரும்புவோர் முதலில் இதனை நிறுத்துப் பழகுதல் தகும் என்பது எம் கருத்து.

அதனை ஈண்டு எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. சைவ நன்மக்களுட் சிலர் அந்நூலின் பெயரைக் கேட்டாலே முகஞ்சுளிக்கின்றனர். நீறு பூசிய ஒருவன் கள்ளுண்டு தெருவிலே தள்ளாடுவதாக எழுதிய நூலைச் சைவன் தொடலாமோ என்பது அவர் வினா. வேறு சிலரோ, வடமொழி நகைச்சுவை நாடகங்களுள் மிகப் பழையனவற்றுள் இஃதொன்று என்று வியந்து அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். முன்னையோர் நிறுக்காமலே தள்ளினர்; பின்னையோர் நிறுக்காமலே கொண்டனர்.

நூலாசிரியன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், சிம்மவிஷ்ணுவின் மகன், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காஞ்சியிலிருந்து ஆண்டவன். மத்தவிலாசன், குணபரன், சத்துருமல்லன், அவனிபாசனன் என்பன அவன் பூண்ட விருதுப்பெயர்கள். இவற்றை அவன் நூலினுள்ளேயும் இடையிடையே இழைத்து வைத்துள்ளான். செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் குன்றைக் குடைந்து சமைத்த சிவன் கோயிலில் பழந்தமிழ்ச் சாசனமொன்று காணப்படும். மகேந்திரப் போத்தரையனுக்கு அடியவனாகிய வயந்தப்பிரிய அரசனின் மகன் கந்தசேனன் அத்தேவகுலத்தைச் செய்வித்தான் என்பது அதன் பொருள். அச்சாசனத்தில் மன்னனுக்குரிய பெயர்களாகக் குணபரன், சத்துருமல்லன் என்பனவும் வருகின்றன. காஞ்சிக்கு அண்மையிலுள்ள மாமண்டூர்க் குகைச் சாசனம் சிதைந்ததாயினும், மத்தவிலாசத்தின் பெயரையும் பகவதஜ்ஜுகம் என்னும் மற்றொரு பிரகசனத்தின் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கின்றது. (செங்கற்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றைக் கடந்தபின் பெருஞ்சாலையில் வரும் மாமண்டூர் வேறு. பெயரொப்புமை கண்டு அங்கே இறங்கிக் குகை தேடி ஏமாந்தோருள் யாமும் ஒருவேம்.) மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில், தேவியர் இருவரோடு நின்று, ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையாற் கருவறையைச் சுட்டும் அரசனுருவம் ஒன்றுண்டு. மகேந்திரன் என்று மேலே பெயர் வெட்டப்பட்டுள்ளது. அவன் முதலாம் மகேந்திரனோ அவன் பேரனோ என்பதில் ஆராய்ச்சியாளர் உடன்பட்டாரல்லர். நூலோ ஏடுகளிற் கிடந்து, 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் அச்சேறிற்று.

கதைச் சுருக்கம் வருமாறு. சத்தியசோமன் என்னும் காபாலிகன், தன் துணைவி தேவசோமையோடு காஞ்சித் தெருவிற் கள் மயக்கத்தோடு வருகின்றான். மயக்கத்தில் அவள் பெயரைப் புரட்டிக் கூறிவிடுகின்றான். அவள் வேறொருத்தியோ என்று ஐயுறுகின்றாள். பழியெல்லாம் கள்ளின்மேலது, இன்றோடு அதனை விட்டேன் என்கின்றான் அவன். அவளோ, என்பொருட்டு உம் தவத்தை முறித்துக்கொள்ள வேண்டா என்று காலில் விழுகின்றாள். கள்ளுண்டல் தவமாகவும், கள்ளுண்ணாமை தவக்கேடாகவும் ஆன அந்நொடியிலேயே நூலின் சுருதி நமக்குத் தெரிந்துவிடுகின்றது. பின்னர் கள்ளுக்கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிட்டு அவன் கூறும் நெடிய உவமை வருகின்றது. கொடிமரம் யூபத்தம்பமாகவும், கள் சோமமாகவும், குடியர் வேதியராகவும், அவர் பிதற்றல் மந்திரமாகவும் ஆகின்றன. பிச்சை ஏற்கும்போதுதான் கையிலிருந்த கபாலம் காணாமற்போனது தெரிகின்றது. அதில் சுட்ட இறைச்சி இருந்தமையால், எடுத்தது நாயாக வேண்டும்; இன்றேல் பௌத்த பிக்குவாக வேண்டும் என்று முடிவு கட்டுகின்றான்.

அவ்வேளையில் நாகசேனன் என்னும் பிக்கு, வணிகன் ஒருவன் இட்ட ஊனுணவைப் பாத்திரத்திற் பெற்று, அதனை ஆடையால் மறைத்துக்கொண்டு அரசவிகாரத்துக்கு விரைகின்றான். நல்ல படுக்கையையும் நல்ல உணவையும் அருளிய புத்தர் பெண்ணையும் கள்ளையும் மட்டும் விலக்கியிருப்பாரா? பொறாமை கொண்ட கிழப் பிக்குகள் அப்பகுதிகளைப் பிடகத்திலிருந்து நீக்கியிருத்தல் வேண்டும். நீக்காத மூல ஏடு எங்கே கிடைக்கும் என்பது அவன் மனக்கவலை. காபாலிகன் அவனைத் திருடன் என்று பற்றுகின்றான். வழக்கு முற்றிக் கைகலப்பாகின்றது. தேவசோமை பிக்குவின் தலைமயிரைப் பற்றி இழுக்கப் பாய்ந்து, மழித்த தலையில் மயிரின்றிக் கீழே விழுகின்றாள். மழிக்கச் சொன்ன புத்தரின் முன்னறிவைப் பிக்கு புகழ்கின்றான். பப்புருகல்பன் என்னும் பாசுபதன் நடுவனாக வந்து, நடுவனாக நில்லாமல் தடுமாறுகின்றான். ஈற்றில் பித்தன் ஒருவன், நாயின் வாயிலிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வந்து சேர, உடையவன் கையில் அது மீள்கின்றது. எல்லோரும் சமாதானமாகி விடைபெறுகின்றனர்.

இனி, முதல் தடையை எடுத்துக்கொள்வாம். சைவன் இதனைப் படிக்கலாமோ?

இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய ஞானி அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே கண்டு தொழுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. திருக்கோவலூர் மெய்ப்பொருணாயனார், முத்தநாதன் என்னும் பகைவன் நீறு பூசிப் புத்தக உறையினுட் படை மறைத்து வந்தபோது வேடத்துக்கு வணங்கினார். குத்துண்டு வீழும்போதும் அவனுக்குத் தீங்கு நேராதபடி காத்து ஊரெல்லை கடத்துவித்தார். ஏனாதிநாத நாயனார் பகைவன் நெற்றியில் நீறு கண்டு போரையே நெகிழவிட்டார். திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருப்பதிகத்தில் பாசுபதரையும் கபாலிகளையும் அத்தெருவிற் பொலிவோராக வைத்துப் பாடுகின்றார். மானக்கஞ்சாற நாயனார் மனைக்குச் சிவபெருமான் வந்தது மாவிரதி வடிவிலேதான். வேடத்தை இங்ஙனம் போற்றிய மரபிலே நின்று, அவ்வேடத்தைக் கண்டு நகுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவுக்கு விடை, அந்தப் பெரியபுராணத்துள்ளேயே இருக்கின்றது. மெய்ப்பொருளார் முத்தநாதனை வணங்கினார். ஆனால் சேக்கிழார் வணங்கினாரல்லர். அகத்தே கரிபொதிந்த விளக்கினை உவமையாக்கி அவன் பொய்ம்மையை வெளிப்படையாகவே காட்டினார். தொழுகின்றவன் கடமை ஒன்று. சொல்கின்றவன் கடமை மற்றொன்று. அடியவன் வேடத்தின்மேல் ஐயம் கொள்ளலாகாது. ஏனெனில், தன் அன்பைப் பிறர் தகுதியின்மேற் கட்டுவானாயின் அஃது அன்பாகாது, வாணிகமாகும். புலவனோ உள்ளதை உள்ளவாறு கூறக் கடமைப்பட்டவன். இவ்விருவரும் ஒரே கதையில் ஒருவரையொருவர் மறுக்காமல் நிற்கின்றனர். மேலும், வேடத்தை மதித்தலாகிய விதி மதிப்பவனுக்கு இடப்பட்டதேயன்றி, வேடம் பூண்டவன் காட்டித் தப்பித்துக்கொள்ளும் சீட்டன்று. திருமூலர் ஆறாந் தந்திரத்தில் அவவேடம், தவவேடம் என்று தனித்தனியே பகுத்தோதியதும் இதுபற்றியே.

திருமூலர் அதனோடு நின்றாரல்லர். முதற் தந்திரத்தில் அரசன் நெறியைக் கூறுமிடத்து, வேடத்துக்குரிய நெறியில் நில்லாதாரை அந்நெறியில் நிற்கச் செய்தல் வேந்தன் கடமை என்று விதிக்கின்றார். மகேந்திரன் வேந்தன். அவன் கையிலே தண்டம் இருந்தது. அவன் எடுத்ததோ எழுத்தாணி. கள்ளுண்ட காபாலிகனையும், பிடகத்தைத் திருத்த விரும்பும் பிக்குவையும், நடுவுநிலை தவறிய பாசுபதனையும் சிறையிலிடாமல் அரங்கிலே நிறுத்தினான். யாம் இந்நூலின் முதற்குணமாகக் கொள்வது இதனையே. தன் வேடத்தைத் தான் காணச் செய்தலினும் மென்மையான தண்டம் வேறில்லை. கேரளத்துக் கோயில்களில் சாக்கியர் இதனை வழிபாடாகவே நடித்து வந்தனர் என்பதையும் முகஞ்சுளிப்போர் எண்ணிப் பார்க்கலாம்.

நகைக்கின்ற மன்னன் தன்னை விலக்கிக்கொள்ளவில்லை என்பதும் நோக்கத்தக்கது. மத்தவிலாசம் என்பதற்குக் களித்தோர் களியாட்டு என்பது பொருள். அதுவே அரசனது விருதுப்பெயருமாகும். வழக்கை நீதிமன்றுக்குக் கொண்டுபோகலாம் என்றபோது தேவசோமை கூறும் விடையோ அரசனது அவையையே தீண்டுகின்றது: பல விகாரங்களின் வருவாய் பிக்குவின் கையில் உள்ளது, அதிகாரிகளின் வாயை அவன் நிரப்புவான், நம்மிடம் உள்ளது சாம்பலும் பாம்புத்தோலுமே என்கின்றாள். தன் நகரத்துத் தன் அதிகாரிகளைப்பற்றி இப்படியொரு சொல்லைத் தானே எழுதி அரங்கேற்றிய அரசர் உலகிற் பலரல்லர். கதையில் வருவோருள் மெய்யை நேரே பேசுபவள் இவளொருத்தியே என்று எமக்குத் தோன்றுகின்றது. இவளுக்குச் சமயக் கட்சி இல்லை. பசியும் களைப்பும் பரிவும் உண்டு.

தத்துவ விசாரணை என்னும் அளவையால் நோக்கினால், நூலின் உயிரான இடம் காபாலிகன் சமணரைப் பழிக்கும் சிறு பகுதியாகும். காரியம் காரணத்தோடு ஒத்திருக்கும் என்று சமணர் கூறுகின்றனராம். கூறிவிட்டு, துன்பமாகிய தவத்திலிருந்து இன்பமாகிய வீடு விளையும் என்கின்றனராம். ஆகலின் தம் வாயாலேயே தாம் கெட்டார் என்பது அவன் வாதம். பின்பு அவர் பெயரைச் சொன்ன தீட்டு நீங்க வாயைக் கள்ளாற் கழுவிக்கொள்கின்றான்.

இவ்வாதத்தை மாணாக்கர் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்னும் சற்காரியவாதம் சித்தாந்திக்கும் உடன்பாடே. அற்றேல் காபாலிகன் நம்மையும் வென்றவனாவனோ எனின், ஆகான். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்றாகப் பகுத்து வைத்தனர் நம் ஆசிரியர். குடம் மண்ணை ஒத்திருக்க வேண்டுமேயன்றித் திரிகையை ஒத்துச் சுழல வேண்டுவதில்லை. தவத்தின்கண் உறும் வருத்தம் பேரின்பத்துக்கு மண் போல்வதன்று. கசப்பான மருந்துண்டு நோய் நீங்கியவனது உடல்நலத்திற் கசப்பு ஊறியிராதவாறு போல. அன்றியும், சித்தாந்தத்தில் பேரின்பம் புதிதாகச் செய்யப்படும் காரியமே அன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்தவழிச் சத்திநிபாதத்தால் விளங்கித் தோன்றும் சிவானந்தம் அது. ஆகவே காபாலிகனது வாதம் முதற்காரணத்தையும் துணைக்காரணத்தையும் ஒன்றெனக் கொண்ட மயக்கத்தால் எழுந்ததாகும்.

சுவை அதனினும் ஆழத்திலே இருக்கின்றது. காரியம் காரணத்தை ஒத்திருக்கும் என்ற படையைச் சமணர்மேல் எறிந்தவன், கள்ளே வீட்டுநெறி என்று கூறுகின்றவன். அதே அளவையால் மயக்கமாகிய காரணத்திலிருந்து மயக்கமேயன்றி வேறெது விளையும்? வாதத்தை முடித்தவுடன் கள்ளால் வாய் கழுவச் செய்ததனால், மன்னன் இம்மறுப்பை வாயாற் கூறாமற் கையாற் கூறிவிட்டான். தத்துவக் கதை எழுதுவோர் கற்றுக்கொள்ளத்தக்க இடம் இது. உபதேசிக்க ஒருவரும் வரவில்லை. ஆனால் உபதேசம் நடந்துவிட்டது.

பௌத்தரைப்பற்றிய இடத்தில் இத்துணை நேர்த்தி இல்லை. மண்ணையும் கடலையும் மலையையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லையென்று சாதிக்கவல்ல உமக்கு இச்சிறு கபாலத்தை இல்லையாக்குதல் எம்மாத்திரம் என்று காபாலிகன் கேட்பது கூர்மையான அடியே; காட்சியளவையைக் கைவிட்டார்க்கு உலக வழக்கு எங்ஙனம் நடக்கும் என்ற பெருவினாவின் விதை அதிலுண்டு. ஆனால் பிக்கு அதற்கு மறுமொழி கூறினானல்லன். கூறவும் அவனுக்குத் தெரியாது. அந்நூற்றாண்டிற் காஞ்சி எத்தகைய பௌத்த நகரம் என்பதை நினைத்துக்கொள்க. நாலந்தாவிற் பேராசிரியனாக விளங்கிய தருமபாலன் பிறந்த ஊர் அது. சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங், மகேந்திரனுக்குச் சிறிது பிற்பட்டு, ஏறத்தாழ 640-இல் வந்து, நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களையும் பதினாயிரம் பிக்குகளையும் அந்நாட்டிற் குறித்தார். அத்தகைய அறிஞர் நடமாடிய தெருவில் இவ்வுணவுப் பித்தன் ஒருவனை மட்டும் நிறுத்திவிட்டு அச்சமயத்தை வென்றதாகக் கொள்ளின் அது வெற்றியாகாது. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகன் முதலிய பௌத்தர் நால்வர்க்கும் அவரவர் கோட்பாட்டை முழுதும் பேச இடந்தந்து, அதன்பின்னரே மறுத்தார். பிறர் கட்சியை வலியுள்ளதாகவே வைத்து மறுப்பது சித்தாந்த மரபு. மத்தவிலாசம் இவ்வளவையிற் குறைபட்டதே.

பிரகசனம் நகைப்பதற்கே உரியது; அதனிடம் பரபக்கத்தை எதிர்பார்த்தல் முறையோ எனின், ஓரளவு ஒப்புவாம். ஆயினும் காபாலிகனை அவன் கோட்பாட்டாலேயே மடக்கிய கை, பிக்குவைப் பசியால் மட்டும் மடக்கியது ஏன் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. சமணனை அரங்கேற்றாமலே விட்டது மற்றொரு புதிர். சேக்கிழார் கூறும், நாவுக்கரசரை வருத்திப் பின் திருந்திய பல்லவன் இவனே என்பர். திருச்சிராப்பள்ளிச் சாசனமும் மாறுபட்ட ஒழுக்கத்தினின்று இலிங்கத்தால் திரும்பிய குணபரனைக் கூறுகின்றது. நூல் அத்திருப்பத்துக்கு முன்னதோ பின்னதோ என்ற வழக்குத் தீர்ந்தபாடில்லை. பின்னதாயின், தான் கழித்த சமயத்தாரை மேடையேற்றி அடியாது விட்டது பெருந்தன்மை என்று யாம் கருதுவோம்.

கபாலத்தைப்பற்றி ஒருசில கூறல் வேண்டும். பிரமனது தலையைக் கிள்ளி அதனையே பலிக்கலனாகச் சிவபெருமான் ஏந்தியது, படைப்போன் யானே என்னும் செருக்கை அறுத்ததன் அடையாளமென்பர் பெரியோர். அச்செருக்கு அறுந்ததன் குறியாகிய ஓட்டையே எனது எனது என்று தேடித் தெருவெல்லாம் அலைகின்றான் சத்தியசோமன். கபாலம் இன்றேல் யான் எங்ஙனம் காபாலிகனாவேன் என்பது அவன் அழுகை. வீடு வாசல் துறந்தவனது ஆணவம் ஒரு மண்டையோட்டளவு இடம் கிடைத்தாலும் அதிற் குடிகொண்டுவிடுகின்றது. பிக்குவின் பாத்திரம் கருநிறத்தது, காணாமற்போன கபாலமோ வெண்ணிறத்தது. கண்முன்னே வேற்றுமை தெரிந்தும், நீ நிறத்தை மாற்றிவிட்டாய் என்கின்றான். பிறர் காட்சியை மறுப்பதாகப் பழித்தவனே தன் பற்றால் தன் காட்சியை மறுக்கின்றான். யான், எனது என்னும் இரண்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவற்றினும் இக்காட்சி மாணாக்கர் நெஞ்சில் விரைவிற் பதியும்.

நாந்திச் செய்யுளோ நூல் முழுமைக்கும் அடித்தளம். சொல், வேடம், உடல், செயல், குணம் ஆகியவற்றால் வேறுபட்டு, மூவுலகின் நடையாகிய கூத்தினை ஆடுபவன் தெய்வக் கபாலி. அதனைக் காண்பவனும் அவனே. அவன் அவனி என்னும் பாத்திரத்தை நிறைக்கும் புகழைத் தருக என்பது அதன் கருத்து. உலகமே ஏனமாக ஏந்தும் கபாலி ஒருவன் மேலே இருக்க, ஓர் ஓட்டைத் தொலைத்துவிட்டு அழும் காபாலிகன் கீழே வருகின்றான். வேடங்கள் எல்லாம் அவனது கூத்தின் வேறுபாடுகள் என்று முதலிலேயே சொல்லிவிட்டமையால், பின்வரும் நகை வேடத்தை அழிக்கும் நகையாகாது.

இனி, எமக்குப் பெருங்குற்றமாகத் தோன்றுவதனையும் மறையாது கூறுவாம். நாந்தியிற் காண்போனாக அமர்ந்த கபாலி, கதையினுள் இறங்கவேயில்லை. சித்தாந்தத்திற் சிவபெருமான் வெறுங் காண்போனல்லன். அவனது கூத்து ஐந்தொழிற் கூத்து. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல் என்பவற்றோடு அருளலும் அதனுள் அடங்கும். இக்கதையில் முதல் நான்குக்கும் ஒருவகையான் இடங்காணலாம். மறைத்தலோ நிரம்ப உண்டு. அருளலுக்கு மட்டும் இடமில்லை. கபாலம் மீண்டது நாயாலும் பித்தனாலும். அதனைப் பெற்ற சத்தியசோமன் பிக்குவிடம் மன்னிப்பு வேண்டுகின்றான், அவ்வளவே. அவன் கேட்டது ஓடு; பெற்றதும் ஓடு. மாறினார் ஒருவருமிலர். பாசுபதன் நடுவனாகத் தோற்றும், தோற்றதை அவன் உணர்ந்ததாக ஒரு குறிப்புமில்லை. சைவத்தின் பெயரால் அரங்கிற் பேசியவர் இருவரும் வெறுமையராய் வெளியேறுகின்றனர். நோயை இத்துணைக் கூர்மையாகக் கண்ட கை மருந்தின் பக்கம் நீளவில்லை.

மாமண்டூர்ச் சாசனத்திற் கூடவே குறிக்கப்பெற்ற பகவதஜ்ஜுகம் இவ்வகையில் வேறொன்று. யோகி ஒருவன் தன் உயிரை இறந்துபட்ட கணிகையின் உடலிற் புகுத்துகின்றான். ஆள்மாறிக் கவர்ந்ததை அறிந்து மீண்ட யமதூதன் அவள் உயிரை யோகியின் உடலில் இட்டுவிடுகின்றான். கணிகை வேதாந்தம் பேச, யோகி காதல் பேசுகின்றான். உடல் வேறு, உயிர் வேறு என்பதனை நகைக்க நகைக்கக் காட்டும் கதை அது. அதனை ஆக்கியோன் மகேந்திரனே என்பாரும் அல்லன் என்பாரும் உளர். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்னும் சித்தாந்தி, புதிய கருவிகளைச் சார்ந்த உயிர் பழைய தன்மையோடே முழுதும் நிற்குமோ என்று அங்கே தடை எழுப்புவான். அது தனியே எழுதத்தக்க பொருள்.

மத்தவிலாசத்தின் குற்றத்துக்கு ஒரு சமாதானம் கூறலாம்: நோயைக் காட்டுதலே பிரகசனத்தின் எல்லை, மருந்து காண்போர் கையது என்று. யாம் அதனை முழுதும் ஏற்கமாட்டோம். ஏனெனில், அதே மாவிரதி வேடம் மானக்கஞ்சாறர் மனையில் வந்தபோது நிகழ்ந்தது வேறு. திருமண நாளில் மணமகளின் கூந்தலைப் பஞ்சவடிக்கு வேண்டுமென்று கேட்டார் அம்மாவிரதியார். தந்தை தயங்காமல் அரிந்து கொடுத்தார். வேடம் மறைந்தது, இறைவன் வெளிப்பட்டான், அரிந்த கூந்தலும் மீண்டது. ஆண்டும் ஒரு பொருள் கைவிட்டுப் போய் மீள்கின்றது, ஈண்டும் மீள்கின்றது. ஆண்டுக் கொடுத்தவன் இருந்தான். ஈண்டு இழந்தவன் மட்டுமே இருக்கின்றான். மன்னனது தெருவில் வணங்குவார் ஒருவரேனும் ஒரு மூலையில் நின்றிருப்பாராயின் இந்நூல் முற்றும் நிறைந்திருக்கும்.

மாணாக்கர்க்கு இதனைப் பாடஞ்சொல்ல விரும்பும் கழகத்தார் மெய்ப்பொருணாயனார் புராணத்தை முன்னரும், மானக்கஞ்சாற நாயனார் புராணத்தைப் பின்னரும் வைத்து, நடுவே மத்தவிலாசத்தைப் படிப்பிப்பாராக. வசதியுடையோர் ஒருநாள் செங்கற்பட்டிற் புறப்பட்டு, வல்லத்துச் சாசனத்தைக் கண்டு, மாலையில் மாமல்லபுரத்து வராகர் குகைக்குச் செல்லலாம். கோயில் திறந்திருக்கும் வேளையைக் கேட்டறிந்து செல்லுதல் நன்று.